முதல் மிஷினில் விழுந்த சிவப்புக் கோடு

எங்கள் வீட்டு முன்னறையில் என் மருமகள் பிரவுசிங் சென்டர் நடத்தியது மொத்தம் இரண்டு வருஷம். அது மூடிப்போனதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மார்க்கெட் பக்கம் ஏசி போட்ட பெரிய சென்டர் வந்துவிட்டது என்றார்கள். பையன்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள் என்றார்கள். பையன்களால் ஓடிய கடை இல்லை அது. எனக்கு உண்மையான காரணம் தெரியும். அது நான்தான். அதை எழுதி வைக்கணும் என்று இத்தனை நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது ஏன் என்று விளங்காது.

நான் ரெண்டாம் கிளாஸ் வரை படித்தவள். தமிழில் கடை போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். கைநாட்டு வைத்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஹார்பர் குடோனில் சாக்கு தைத்தேன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளில் கிழிந்ததைப் பிரித்து வைப்பார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து கோணி ஊசியும் சணலும் வைத்துக்கொண்டு தைப்போம். சாயந்திரம் மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிப் பார்ப்பார். தையல் விட்டுப்போயிருந்தால் ஒன்றும் திட்டமாட்டார். பேர் எழுதிய தாளில் அந்தப் பேருக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். தாளைக் குடோன் கதவில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். காலையில் வந்து பார்க்கணும். பேருக்குக் கீழே சிவப்பு இருந்தால் உள்ளே போகவேண்டியதில்லை, அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிடணும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பேர் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கோடு எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

சாக்கு மேல் இங்கிலீஷில் மார்க் அடித்திருக்கும். எந்த மார்க் எந்த நாட்டு மூட்டை என்று பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். அதைத் தெருவில் நான் ஒரு தடவை சொல்லப்போக, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பேர் வந்துவிட்டது. நான் இல்லை என்று சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டு, இங்கிலீஷ் தாள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி நிதானமாக மேலிருந்து கீழே பார்ப்பேன். "ஆபீசுக்குப் போயி கேக்கணும்" என்பேன். எந்தத் தாளுக்கும் அது பொருந்தும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது என் மகனுக்கே தெரியாது. அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மாசத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான், இதையெல்லாம் கவனித்தவன் இல்லை.

மருமகளுக்கு மீஞ்சூர். பி.காம். முடித்த பெண். கல்யாணமான புதிதில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வேன் எங்கள் தெரு முனை அடிபம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே போனால் ராத்திரி வரை நின்றபடியே வேலை. டேபிளில் சட்டை வந்துகொண்டே இருக்கும், உட்காரக் கூடாது. சாயந்திரம் அவள் வீட்டுக்கு வரும்போது கணுக்கால் தெரியாது, முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஒரே தூணாக வீங்கியிருக்கும். மூன்றாம் மாசத்தில் வயிற்றில் இருந்தது கலைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இனிமே இந்த மாதிரி நின்னுகிட்டே வேலை பார்க்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் முன்னறையில் கம்ப்யூட்டர் போடும் யோசனை. மூன்று மிஷின், ஒரு பிரிண்டர். "இது ஓடிச்சின்னா நான் திரும்ப வேன் ஏற வேணாம் அத்தே" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அந்த முன்னறை ஓடணும், இவள் உட்கார்ந்தபடி வேலை பார்க்கணும். வேறு ஆசை யாருக்கும் இல்லை.

ஓடவும் செய்தது. பையன்கள் வருவார்கள், பாட்டு கேட்பார்கள், போவார்கள். ஆனால் கடையைத் தாங்கியது எங்கள் தெருப் பெண்கள்தான். கப்பலுக்குப் போனவன் பெண்சாதி, துபாய்க்குப் போனவன் அம்மா, பையனுக்கு வேலைக்கு எழுதிப் போடுகிறவர்கள் என்று வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல இவள் இங்கிலீஷில் அடிப்பாள். வாசல் பக்கம் இருந்த முதல் மிஷின்தான் அவளுடையது. பிரிண்டர் அதில்தான் மாட்டியிருந்தது. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சொல்வார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். செருப்பை வெளியே விடச் சொல்வது, டைம் பார்ப்பது என் வேலை.

ஒரு நாள் முதல் மிஷினில் புதிதாக ஒரு பிரவுசர் போட்டாள். மற்ற இரண்டிலும் பழையதுதான். "அத்தே, இங்க பாருங்களேன்" என்று கூப்பிட்டுக் காட்டினாள். வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி அடித்தாள். வார்த்தைக்குக் கீழே பொடிப்பொடியாகச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. சரியாக அடித்ததும் கோடு போய்விட்டது. "தப்பு பண்ணா இதுவே காட்டிக் கொடுத்துடும்" என்று சிரித்தாள்.

நான், "எங்க மேஸ்திரி மாதிரி" என்றேன்.

அந்த வைகாசியில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் மீஞ்சூர் போகணும். கடையை மூடிவிட்டுப் போகிறேன் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. "மூடுவானேன், நான் கீறனே. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். மிஷினை எப்படிப் போடுவது, அணைப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். ஹார்பர் கேட் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம், கப்பல் ஆட்கள் எப்போதாவது வருவார்கள். உயரமான ஆள், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். முதல் மிஷினில் உட்கார்ந்தான். கடகடவென்று அடித்தான். நான் எழுந்து பின்னால் போய் நின்றேன். கடைக்காரி என்றால் அப்படி நிற்கணும் இல்லையா. அவன் எழுதியது முழுக்கச் சிவப்புக் கோடாக இருந்தது. கப்பலில் வேலை பார்க்கிறவன், ஒரு வார்த்தைகூடச் சரியாக எழுதத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அவன் எரிச்சலாக ஏதோ முனகினான். மௌசை அமுக்கி என்னென்னவோ திறந்தான். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அவன் அதைத் தொட்டுக் காட்டி, திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். கேள்வி என்பது மட்டும் புரிந்தது. புருவத்தைத் தூக்கி நின்றான்.

எனக்குத் தெரியாது என்று கையை விரித்திருக்கலாம். பக்கத்து மிஷினில் இரண்டு காலேஜ் பையன்கள் இருந்தார்கள், அவர்களைக் கேட்டிருக்கலாம். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெட்டியில் இருந்ததை மேலிருந்து கீழே பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். படித்துவிட்டு உத்தரவு கொடுக்கிற மாதிரி ஆட்டினேன்.

அவன் அமுக்கினான். திரை ஒரு தடவை காணாமல் போய் மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் எழுத்துக்குக் கீழே இருந்த சிவப்பு எல்லாம் போய்விட்டது. பரவாயில்லை, திருத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மருமகள் திரும்பி வந்த அன்று சாயந்திரமே கேட்டாள். "அத்தே, இது என்ன, எது அடிச்சாலும் கோடு விழுது? செட்டிங் எதையோ மாத்தியிருக்காங்க. யாராச்சும் இதுல உக்காந்தாங்களா?"

எனக்கு அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. நான் தலையாட்டியதும் ஞாபகத்துக்கு வந்தது. "இதுலயா? யாரும் உக்காரல. பசங்க வந்தானுங்க, அந்தாண்ட மிஷின்ல பாட்டு கேட்டானுங்க, போயிட்டானுங்க" என்றேன்.

அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புகிற பெண்தான். ஒரு வெள்ளைக்காரன் வந்தான், என்னமோ கேட்டான், நான் சரி என்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். அப்புறம் எனக்கு அது தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. மேஸ்திரி தாளில் தன் பேருக்குக் கீழே கோடு வந்தால், அடுத்தவள் பேர் என்று நினைத்துக்கொள்ளப் பார்ப்போம் பாருங்கள், அந்த மாதிரி நான் நினைத்தேன். மிஷின் கெட்டுப்போகவில்லை, இவள்தான் இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய் வந்ததில் கை தப்புகிறாள் என்று. அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ஆளுக்குப் போன் செய்தாள். அவன் வருகிறேன் வருகிறேன் என்றான், வரவில்லை. "இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு, மிஷின்தான் தப்பா காட்டுது" என்று வருகிற பெண்களிடம் அவள் சொன்னாள். அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியலில் அடிபம்பில் நான் குடம் வைத்து நின்றேன். பக்கத்துத் தெருவில் ஒருத்தி, அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன். கம்பெனி ஆபீசுக்கு எப்போது பார்த்தாலும் லெட்டர் போடுகிறவள், மருமகளின் முதல் வாடிக்கை. அவள்தான் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, உன் மருமக இன்னாமா எழுதறா தெரியுமா? போன மாசம் போட்ட லெட்டருக்குக் கம்பெனிக்காரன் மூணே நாள்ல பதில் போட்டான். உனக்குக் கூட அவ்ளோ இங்கிலீஷ் வராது போலகீதே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் இங்கிலீஷ் தாள் வந்தால் என்னிடம்தான் வரும். சென்டர் வந்த பிறகு எல்லாரும் என் நாற்காலியைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்கள். செருப்பை விடுவதற்கு மட்டும் என்னைப் பார்க்கிறார்கள்.

"இன்னாத்த எழுதறா?" என்றேன். "நீ பக்கத்துல உக்காந்து பாத்துகினுதான இருந்த? கீழ பூரா செவப்புக் கோடு. ஒரு வார்த்த உருப்படியா இல்ல. மிஷினே காட்டிக் குடுக்குது."

"மிஷின் ரிப்பேருன்னு சொல்லிச்சே?"

"ரிப்பேருதான். மத்த ரெண்டு மிஷின் இன்னாத்துக்கு ரிப்பேர் ஆவல?"

பம்பு நின்றுவிட்டது. குடோனில் என்னோடு சாக்கு தைத்தவர்கள் மூன்று பேர் அந்த வரிசையில் நின்றார்கள். சிவப்புக் கோடு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டாம். ஒருத்தி, "நம்ம லெட்டரு கோடோடயே போயிட்டிருக்குமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவள் பதில் சொல்லாமல் இருந்தால் ஆமாம் என்றுதான் அர்த்தம்.

அவ்வளவுதான் நான் பேசியது. நாலு வாக்கியம் இருக்குமா. அந்தச் சாயந்திரம் சமையல்காரன் பெண்சாதி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மார்க்கெட் பக்கம் சென்டருக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மருமகள் பாவம், சிவப்பைப் பார்த்து ஆட்கள் பயப்படுகிறார்களோ என்று வாடிக்கைக்காரர்களை இரண்டாவது மிஷினில் உட்கார வைத்து அடிக்க ஆரம்பித்தாள். அதில் கோடே விழாது. பம்பில் அதற்கும் பேச்சு வந்தது. "தப்பு தெரியற மிஷின வுட்டுட்டு, தெரியாத மிஷின்ல ஒக்காந்துகினு அடிக்குது பாரு, கில்லாடி" என்றாள் ஒருத்தி. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனி போனது. மத்தியான நேரத்தில் அவள் மூன்று மிஷினையும் துணி போட்டுத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள். வாசல் வழியாகப் போகிற பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அவர்கள் சிரித்துவிட்டு வேகமாகப் போவார்கள்.

"ஏன் அத்தே யாரும் வரமாட்டேங்கறாங்க? நான் எதாச்சும் தப்பா பேசிட்டேனா?"

"ஆடி மாசம்மா. எவ லெட்டர் போடுவா. ஆவணி பொறக்கட்டும்."

இதை நான் சோறு பிசைந்துகொண்டே சொன்னேன். ஒரு பருக்கைகூடத் தொண்டையில் சிக்கவில்லை. அப்போது அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது.

ஆவணி பிறந்தது. ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் மகன் வீட்டில் இருந்தான், இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. "டாக்டரம்மா சொன்னது?" என்று கேட்டேன். "அப்ப வயித்துல இருந்துச்சு, இப்ப இல்லையே" என்று அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வேலை கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் லெட்டரை அவளே முதல் மிஷினில் உட்கார்ந்து அடித்தாள். நான் வாசலில் என் நாற்காலியில் இருந்தேன். வெளியே கன்டெய்னர் லாரி வரிசை, புகையும் ஹாரனும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து ஒரு சத்தம், சிரிப்பா மூச்சா என்று தெரியவில்லை.

"அத்தே, இங்க வாங்க. சீக்கிரம்."

போனேன். எதையோ ஒட்டுவதற்கு மௌசில் வலது பக்கத்தை அமுக்கியிருக்கிறாள், ஒரு நீளப் பட்டியல் திறந்திருந்தது. அதில் ஓர் இடத்தில் அம்புக்குறி நின்றது. "இது பாஷை மாத்தற இடம். இத்தனை நாள் எத்தனை தடவை வலது பக்கம் அமுக்கியிருப்பேன், கீழ வரை பார்க்கவே இல்ல. இங்கிலீஷ் பக்கத்துல இருக்க வேண்டிய புள்ளி எங்க இருக்கு பாருங்க. இத்தாலி."

"இத்தாலின்னா?"

"இத்தாலி பாஷை அத்தே. அது ஒரு இத்தாலி வாத்தியார் மாதிரி உக்காந்துகிட்டு நம்ம இங்கிலீஷைத் திருத்தியிருக்கு. அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே. தெரியாததுக்கெல்லாம் கோடு போட்டுட்டாரு."

இங்கிலீஷ் என்று இருந்ததை அமுக்கினாள். பக்கம் முழுக்க இருந்த சிவப்பு ஒரே நொடியில் போய்விட்டது. ஒன்று மட்டும் மிஞ்சியது, கடைசி வரியில். அதை அவள் பார்த்துவிட்டு ஓர் எழுத்தைத் திருத்தினாள், அதுவும் போனது. ஒரே ஒரு தப்புதான் செய்திருந்தாள். மூன்று மாசமாக அந்தப் பக்கம் முழுக்கக் கிடந்தது அந்தக் கோடு.

"ஒரு நிமிஷ வேலை" என்றாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எப்படி இத்தாலி வந்துச்சு? இத்தாலிக்காரன் எவனாச்சும் வந்தானா நம்ம கடைக்கு?" வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

"இங்க எவன் வரப்போறான்" என்றேன்.

இரண்டாவது தடவையும் சொன்னேன். முதல் தடவை தெரியாமல் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

கோடு இல்லாமல் சுத்தமாக இருந்த அந்த லெட்டரை அவள் அப்படியே கம்பெனிக்கு அனுப்பினாள்.

மிஷின் சரியாகிவிட்டது என்று இரண்டு மூன்று வீட்டில் அவளே போய்ச் சொல்லிப் பார்த்தாள். "அப்டியாம்மா, நல்லது" என்றார்களாம். ஒருவரும் வரவில்லை. மிஷினைப் பற்றிய பேச்சாக இருந்தால்தானே மிஷின் சரியானதும் போகும். அவள் எழுத்தைப் பற்றி, இங்கிலீஷ் தெரிந்த அவள் மாமியாரே சொன்ன பேச்சு அது. புரட்டாசியில் இரண்டு மிஷினை விற்றார்கள். முன்னறை மூடிக்கிடந்தது. அவள் வேன் ஏறினாள்.

நான் ஐந்து மணிக்கு எழுந்து அவளுக்குச் சோறு வடித்துக் கட்டினேன். மீன் குழம்பு மீந்தால் அவளுக்கு எடுத்து வைத்தேன். துணி துவைத்தேன். "எதுக்கு அத்தே இவ்ளோ வேலை செய்றீங்க" என்பாள். தெருவில் என்னைப் பெருமையாகப் பேசினார்கள், இந்த மாதிரி மாமியார் உண்டா என்று. அதைக் கேட்கும்போது எனக்கு எங்காவது ஓடிவிடலாமா என்றிருக்கும். ராத்திரி அவள் வந்து காலை நீட்டிச் சுவரில் சாயும்போது நான் அடுப்பங்கரையில் வேலை இருக்கிற மாதிரி நின்றுகொள்வேன். அந்தக் காலைப் பார்க்கக் கூடாது என்று.

தை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் நெத்திலி வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் முறத்தை நடுவில் வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். மகன் ஊரில் இல்லை. அன்றைக்கு ஏன் வாய் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றினாள், "ஒரு நிமிஷம் அத்தே, கால் மரத்துப்போச்சு" என்றாள். அப்போது சொன்னேன்.

"அன்னிக்கு நீ ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு வெள்ளக்காரன் வந்தான்."

அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நான் பெட்டி வந்ததைச் சொன்னேன். தலையாட்டியதைச் சொன்னேன். இரண்டு தடவை இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். பம்பில் பேசியதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை விடவில்லை. சொல்லச் சொல்ல என் கை வேகமாக ஓடியது, தலை போய் மீனே நசுங்கியது. அவள் என் கையிலிருந்து மீனை வாங்கி வைத்தாள்.

"அவன் கேட்டப்ப எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே அத்தே."

"அடிச்சி இன்னான்னு சொல்றது?"

"அந்தப் பெட்டில இருந்ததைப் படிச்சிக் காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றேன். "ஒரு எழுத்து தெரியாது. மூட்ட மார்க்கு மட்டும்தான் தெரியும்."

அதுவரை முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடை மூடியதற்கு வராத ஆச்சரியம் இதற்கு வந்தது. "எனக்கு வந்த கம்பெனி லெட்டரெல்லாம் வாங்கிப் படிச்சீங்களே?"

"படிக்கல. பாத்தேன்."

முறத்தில் மிச்சம் இருந்த நெத்திலி முழுவதையும் அவளே கிள்ளி முடித்தாள். அப்புறம் கையை அலசிக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது அத்தே. எனக்கு என் இங்கிலீஷ் தெரியும். எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், சண்டையில் அது முடிந்துபோயிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் குடம் எடுத்துப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். கொஞ்சம் கழித்துச் சமையல்காரன் பெண்சாதியும் வந்து சேர்ந்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் முறை வரும் வரை நின்றேன். பம்பைப் பிடித்ததும் சொன்னேன்.

"அன்னிக்கு என் மருமக எழுத்து தப்புன்னு சொன்னேன் இல்ல. அது தப்பு இல்ல. மிஷின்ல பாஷ மாறிக் கெடந்துது. மாத்தினவன் வந்தப்ப நான்தான் சரின்னு தலயாட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

ஒருத்திக்கும் புரியவில்லை. மறுபடி சொல்லவேண்டி வந்தது. இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

"இன்னாக்கா சொல்ற? அப்ப தெனம் கண்ணாடி போட்டுகினு தாளப் பாத்துகினு இருந்தியே?" என்றாள் குடோனில் என்னோடு தைத்தவள்.

"சும்மா பாத்தேன்."

"அடிப்பாவி, எங்க ஊட்டு வரி நோட்டீஸ உன்னாண்ட குடுத்துட்டு நான் நிம்மதியா தூங்கினேனே" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நான் சிரிக்கட்டும் என்று நின்றேன்.

சமையல்காரன் பெண்சாதி மட்டும் சிரிக்கவில்லை. "மார்க்கெட் சென்டர்ல ஒரு பொறுக்கி எழுதறான் யக்கா. நான் சொல்றது ஒண்ணு, அவன் எழுதறது ஒண்ணு. எத்தினி மாசமா அவனாண்ட மாரடிச்சிகினு கீறேன்" என்றாள். "உன் பேச்ச நம்பித்தான போனேன். சரி வுடு, கட மூடினா இன்னா, இன்னிக்கே வந்து எழுதிக்கறேன். உன் மருமகள கூப்புடு."

"கூப்பிட முடியாது. ஊட்டுல இல்ல இப்போ."

"அது எங்க?"

வேன் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் போயிற்று. அவள் ஏறும்போது என்னைப் பார்த்தாள், நான் அப்போது என் முறைக்குக் காத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றிருந்தேன். கையைக் காட்டி அந்தப் பக்கம் என்றேன். குடம் வழிந்தது, யாரோ என்னை விலக்கிவிட்டு அடுத்த குடத்தை வைத்தார்கள்.

அன்று அவள் வரும்போது ராத்திரி எட்டரை. "சொல்லிட்டேன்" என்றேன்.

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"நாலு பேரு இருந்தாங்க. சமையக்காரன் பொண்டாட்டி உன்னத் தேடிச்சி. இன்னிக்கே எழுதணும்னு சொல்லிச்சி."

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. ஒரு மிஷின் இருக்கு இல்ல" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே இருந்தது. நான் அன்றைக்கு அடுப்பங்கரைக்குப் போகவில்லை. பார்த்தேன். வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அகலமான பேசினில் ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். காலைத் தொட்டுத் தூக்கப் போனேன்.

"வேணாம் அத்தே. வெச்சிட்டுப் போங்க. நானே பாத்துக்கறேன்."

பேசினை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.